கருவண்டுக் கொட்டகை

ஊரில் மற்றவர்களின் தோட்டங்கள் விடியலில் விழிக்கும். தூக்குக்குண்டின் தோட்டம் மட்டும், ஊர் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு எங்கே தலையைச் சாய்க்கலாம் என்று பார்க்கிற நேரத்தில்தான் விழிக்கும். பேஷன் பழக்கொடியின் பூ அப்படிப்பட்டது. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போது மொட்டு வாய் திறக்கும். வெள்ளையும் ஊதாவுமாக நூல்நூலாக விரிந்து பந்தலில் தொங்கும். இருட்டியதும் மூடிக்கொள்ளும். மூடினது மூடினதுதான், மறுநாள் என்ன கெஞ்சினாலும் திறக்காது. அந்த அரைப்பகலுக்குள் அதற்குக் கல்யாணம் நடந்தாக வேண்டும். நடந்தால் காய். நடக்காவிட்டால் காம்பு மஞ்சளித்து உதிர்ந்து காலடியில் கிடக்கும்.

போதாததற்கு அது ராங்கி பிடித்த பூ வேறு. தன் கொடியின் பூந்தூள் தனக்கு ஆகாது. அடுத்த கொடியிலிருந்து வரவேண்டும். சொந்தத்தில் பெண்ணெடுக்காத வம்சம் என்று அதைக் கேலி செய்வாள் பந்தல்காரி. அவள் தூக்குக்குண்டின் மனைவி. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற குண்டை இவன் உலகத்துக்கே பிடித்துப் பார்ப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவான். இருபது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியதில் அவளே கொஞ்சம் நேராகிவிட்டதாக அக்கம்பக்கத்தார் சொல்வார்கள்.

அந்த வருஷம் அந்தக் கேலியெல்லாம் போய்விட்டது. சாப்பாட்டை முற்பகலிலேயே முடித்துவிட்டுப் பந்தலுக்கடியில் போய் நிற்பாள். ஆள்காட்டி விரலால் ஒரு கொடியின் பூவைத் தடவி மஞ்சள் தூளை எடுத்துக்கொண்டு, அடுத்த கொடிக்குப் போய், அங்கே பூவின் உச்சியில் ஆணிக்கொண்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற மூன்றிலும் தொட்டுவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். சின்னப்பிள்ளையும் செய்யும். ஆனால் பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்தை ஒடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, வெயில் இலைச்சந்து வழியாகக் கண்ணில் குத்த, வரிசை வரிசையாகப் போக வேண்டும். ஒரு வரிசை முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பின்பக்கத்து வரிசைகளுக்குப் போகும்போது பூக்கள் சுருங்க ஆரம்பித்திருக்கும். இரவில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தால் கண்ணை மூடினாலும் பூதான். பூவைப் பார்த்தால் ஓடி ஒளியத் தோன்றும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

கொடியில் குறையொன்றும் இல்லை. பூ பந்தலைத் தூக்கிக்கொண்டு போகிற அளவு பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை. தூக்குக்குண்டு முதலில் உரத்தைச் சந்தேகப்பட்டான், பிறகு தண்ணீரை, அதற்கும் பிறகு நாற்றுக் கொடுத்தவனை. மூன்றும் இல்லையென்றானதும் தேனீப் பெட்டிக்காரரைக் கூட்டிவந்தான். அவர் பெட்டிகளைப் பந்தலோரம் வரிசையாக வைத்தபோது இவன் ஒவ்வொன்றையும் நேராக்கினான். தோட்டம் முழுக்க ரீங்காரம். மனுஷனுக்கு அன்றைக்குத்தான் முகத்தில் களை வந்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

பந்தல்காரி ஒரு பூவின் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தேனீ வந்தது, தூளை வழித்துக் காலில் அப்பிக்கொண்டது, போய்விட்டது. மேலே இருந்த மூன்று கொண்டையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதன் முதுகுக்கும் அந்தக் கொண்டைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. பெரிய பூவுக்குச் சின்ன மாப்பிள்ளை. அதைவிட அநியாயம், அவள் விரலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த தூளும் இப்போது கிடைக்கவில்லை. வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டன. பெட்டிக்காரர் நேர்மையான ஆள். தன் ஈக்கள் வெங்காயத்துக்கும் கொத்தமல்லிக்கும் வெள்ளரிக்கும் போதும், இந்தப் பூவுக்கு உயரம் பற்றாது என்று ஒப்புக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வெள்ளரிக்காரன் ஒருவன் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். மார்க்கெட்டுக்கு வந்த வெள்ளரி அந்த வருஷம் தூள் சரியாகச் சேராமல் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பித்தான் வந்தது. வாங்குகிறவர்கள் விதையைத் திட்டிக்கொண்டு வாங்கிப்போனார்கள்.

பெட்டி போன அன்று தூக்குக்குண்டு அரிவாளை எடுத்துத் தீட்டினான். இந்தப் பூப்பும் வீணானால் கொடியை அடியோடு வெட்டிவிடுவது என்று சொன்னான். ஜூஸ் கம்பெனி லாரி அரை லோடுக்கெல்லாம் வராது. டவுனில் துணிக்கடையில் நிற்கிற மகள், சிமெண்ட் கம்பம் வார்க்கிற பட்டறையில் அப்பாவுக்குக் காவல் வேலை கேட்டு வைத்திருந்தாள். துணிக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறையும் பார்த்திருந்தாள். நிலத்தை யாரிடமாவது விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று வாராவாரம் போனில் பாட்டாகப் படித்தாள். பந்தல்காரிக்கு அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டும். கொல்லைப்பக்கம் இல்லாத வீட்டில் மனுஷி எங்கே போய் நிற்பது?

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் அவள் கடைசி வரிசைக்குப் போனாள். பக்கத்து மனைக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த சுவரை ஒட்டிய வரிசை அது. கை வலியில் அந்தப் பக்கம் போயே பல நாள் ஆகியிருந்தது. போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கை படாத கொடிகளில் காய் பிடித்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்கள், எலுமிச்சை அளவில். அதற்கடுத்த வரிசையில் கொஞ்சம். அதற்கும் அடுத்ததில் ஒன்றுமில்லை.

சுவரோரம் குத்தவைத்துக் காத்திருந்தாள். பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே குண்டாக ஒரு கருவண்டு ஆடி அசைந்து வந்தது. பெருவிரல் பருமன். பூவில் தொப்பென்று விழுந்து தேனைக் குடித்தது. குடிக்கும்போது அதன் முதுகு மேலே இருந்த கொண்டையில் உரசியது. முதுகெல்லாம் மஞ்சள். அடுத்த கொடிக்குப் போய் அதே மாதிரி தொப்பென்று விழுந்தது. அவள் முழுப் பகலும் கழுத்தொடியச் செய்கிற வேலையை அது சாப்பாட்டு நேரத்தில் போகிற போக்கில் செய்துவிட்டுச் சுவரைத் தாண்டிப் போனது. எட்டிப் பார்த்தாள். பக்கத்து மனையில் இருந்த பழைய மரக்கொட்டகையின் விட்டத்தில், வட்டமான ஓர் ஓட்டைக்குள் அது நுழைந்தது. பக்கத்தில் இன்னும் அப்படிப் பல ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். போன வருஷம்வரை இவர்கள் பந்தலும் மரக்கம்பத்தில்தான் நின்றது. கம்பமெல்லாம் இந்த ஓட்டைதான். மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். வண்டு தின்றே பந்தலைச் சாய்த்துவிடும் என்று தூக்குக்குண்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சிமெண்ட் கம்பம் நட்டான். நட்டு முடித்துத் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பூரித்தான். பிடுங்கிய கம்பத்தையெல்லாம் துண்டுபோட்டுச் சமையலறைக்குப் பின்னால் அடுக்கினான். மழைக்காலம் முழுக்க அவள் அதைத்தான் எரித்தாள். சில கட்டைகள் அடுப்பில் வைத்ததும் உள்ளேயிருந்து உறுமும். ஈர விறகு என்று நினைத்து ஊதி ஊதி எரியவிட்டாள். ஒருதரம் ஓட்டையிலிருந்து இறக்கை கருகிய வண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தபோது, துடைப்பத்தால் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுச் சோற்றை இறக்கினாள்.

அன்று மாலை அவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காயைக் காட்டினாள். அவன் காயைத் தொட்டுப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டான்.

காரணம், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவன் அண்ணன், அந்தக் குடும்பத்தின் பெரியவர். பாகம் பிரித்தபோது கொட்டகை இருந்த இடம் அண்ணன் பங்குக்குப் போனது. சரி, இடம் அவனுக்கு, மரத்தில் பாதி எனக்கு என்று இவன் நின்றான். நிற்கிற கொட்டகையை அறுத்துப் பங்கு வைப்பதா என்று பெரியவர் கேட்டார். பேச்சு தடித்தது. கடைசியில் இவன், நீயே வைத்துக்கொண்டு அழு, வண்டு தின்னட்டும் என்று சொல்லிவிட்டு வந்து மறுவாரமே நடுவில் சுவர் எழுப்பினான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. பெண்டுகள் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அதுவும் இவன் கண்ணில் படாமல்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கொட்டகையின் கூரைத் தகரத்தைக் கழற்றிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் மகனுக்குக் கல்யாணமாகியிருந்தது. புதுப்பெண் வந்த வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் உருண்டுகொண்டிருந்தார்கள். கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அறை கட்டப்போகிறார்கள். மரம் பேக்கரி அடுப்புக்கு.

பந்தல்காரி தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பெரியவர் வாசலில் நின்று ஆளுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வண்டுக்காக ஒரு மனுஷன் மகனுக்குக் கட்டப்போகிற அறையை நிறுத்து என்று எந்த வாயால் கேட்பது?

அவர் முழுக்கக் கேட்டார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார்.

"வண்டு தின்னட்டும்னு உன் வீட்டுக்காரன் வாயாலதான் சொன்னான். தின்னுச்சு. இப்ப அந்த வண்டு வேணும்னு நீ வந்து நிக்கிற."

"தப்புதான் மாமா. அவர் சொன்னதும் தப்பு, நான் எரிச்சதும் தப்பு. இந்தப் பூப்பு போச்சுன்னா கொடிய வெட்டிட்டு டவுனுக்குப் போயிடலாம்ங்கிறார்."

"போகட்டுமே. என்கிட்ட சொல்லிட்டா போகப்போறான்?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து வந்து அவள் தோளைத் தொட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தகரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அறை நிற்காது, ஆனால் மரம் விறகுக்குத்தானே போகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"அவன் வந்து கேக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தூக்குக்குண்டு முடியவே முடியாது என்றான். சாப்பிடாமல் எழுந்தான். பந்தலுக்கடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தான். உதிர்ந்து கிடந்த பூவையெல்லாம் காலால் ஒதுக்கினான். அவள் பின்னாலேயே போகவில்லை. இருபது வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சில நேரம் அந்த மனுஷனைத் தனியாக விட்டால்தான் வளைவான். வெயில் தாழ்ந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் போனான். அவள் தூரத்திலேயே நின்றுகொண்டாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. இவன் படி ஏறவில்லை.

"மரத்த எடுத்துக்கவா?"

"எடுத்துக்க."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசிக்கொண்டது அவ்வளவுதான். யாரும் யாருக்கும் உதவிக்கு வரவில்லை. வண்டெல்லாம் ஓட்டைக்குள் அடைந்தபிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக விட்டத்தையும் கம்பங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். உள்ளே லேசாக உறுமுவது தோளெலும்பில் தெரிந்தது. குலுங்கக்கூடாதென்று கர்ப்பிணியைக் கூட்டிவருவதுபோல் நடந்தார்கள். பந்தலின் நடுவில், சிமெண்ட் கம்பத்தோடு சேர்த்து மரத்தைக் கயிற்றால் கட்டினான் அவன். அன்றிரவுதான் அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பந்தல் நிறையப் பூ விரிந்தது. இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே வண்டுகள் ஓட்டையை விட்டு வெளியே போனதைப் பார்த்திருந்தார்கள். இப்போது திரும்பி வரவேண்டும். வரவில்லை. ஓட்டைகள் வெறுமனே கிடந்தன. பூவில் எறும்புதான் ஊர்ந்தது. சுவரோர வரிசையிலும் போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. இருந்ததும் போயிற்று. நேற்றுவரை அந்த ஒரு வரிசையாவது காய்த்தது. தன் கையால் அதையும் கெடுத்தாயிற்று. இனிமேல் எரிக்கக்கூட ஒரு வண்டு மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தூக்குக்குண்டு எழுந்தான். அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் கொடியின் தூரில் உட்கார்ந்தான். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது. மணிக்கட்டு மொத்தத் தண்டு ஒரே வெட்டில் துண்டானது. மேலே பூவெல்லாம் இன்னும் சேதி தெரியாமல் விரிந்தே இருந்தன. அவன் இரண்டாவது கொடிக்கு நகர்ந்தான்.

"ஏம்மா, இங்க வந்து பாருங்களேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவரின் மனைவியின் குரல் கேட்டது. பந்தல்காரி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

கொட்டகை இருந்த இடம் சுத்தமாகக் கூட்டி, நாலு மூலையிலும் குச்சி நட்டு, அஸ்திவாரத்துக்கு நூல் கட்டியிருந்தது. தரையில் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே, ஆள் உயரத்துக்கு மேலே, முன்பு விட்டம் இருந்த உயரத்தில், வெறும் காற்றில் கருவண்டுகள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் வந்து முட்டுகிற மாதிரி நிற்கும், பின்னால் போகும், மறுபடி அதே இடத்துக்கு வரும். தங்கள் வாசல் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன. மரத்தைத் தூக்கிப்போனது அவற்றுக்குத் தெரியவில்லை, இடம்தான் தெரிந்திருந்தது. கடப்பாரையோடு வந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல போய்ட்டு வந்ததுலேருந்து இப்படித்தான். வீட்ட காணோம்னு நிக்குதுங்க. பாக்க சகிக்கல" என்றாள் அவர் மனைவி.

தூக்குக்குண்டு எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை. அரிவாள் கையிலேயே இருந்தது. அவன் அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணா, திருப்பிக் கொண்டுவந்து நட்டுடவா?"

பெரியவர் நூல் கட்டிய இடத்தைப் பார்த்தார். மருமகள் ஜன்னலில் நிற்பதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு மூலைக்குச்சியைப் பிடுங்கினார். நூலைக் கையில் சுற்றிக்கொண்டே அடுத்த மூலைக்குப் போனார். அறை என்னாவது என்று அவர் மனைவி தணிந்த குரலில் கேட்டாள். பழம் பறித்து முடியட்டும், அதற்குமேல் ஒரு நாள் தரமாட்டேன் என்று அவளுக்குச் சொல்வதுபோல் எல்லோருக்கும் சொன்னார். தம்பி தெருப்பக்கம் போகத் திரும்பியபோது குரல் கொடுத்தார்.

"சுத்திக்கிட்டுப் போகாதடா. பூ மூடிடும். சுவத்து மேல நீட்டு."

தூக்குக்குண்டும் பந்தல்காரியும் கயிற்றை அவிழ்த்துப் பெரிய விட்டத்தைத் தூக்கிவந்து சுவரின் மேல் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் நுனியைப் பெரியவர் தோளில் வாங்கினார். பாதி விட்டம் அங்கே, பாதி இங்கே. இழுக்கப்போன சமயத்தில் மேலே நின்றுகொண்டிருந்த வண்டுகளில் ஒன்று கீழே இறங்கி வந்தது. விட்டத்தை முகர்வதுபோல் நீளவாக்கில் போனது. சுவருக்கு நேர் மேலே இருந்த ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே தலையை விட்டது, எடுத்தது.

"ஆட்டாத" என்றார் பெரியவர்.

"நான் ஆட்டல. நீ ஆட்டாத" என்றான் தம்பி.

இரண்டு பேரும் பாரத்தோடு அப்படியே நின்றார்கள். பெரியவருக்கு வயதாகியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வேலையாள் ஒருவன் வந்து மாற்றிப் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். பந்தல்காரிக்கு அங்கேயே நின்று அந்த இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட முதல் கொடியில் இலை வாட ஆரம்பித்திருந்தது. அதன் பூக்கள் மட்டும் இன்னும் விரிந்து, தூளோடு இருந்தன. அந்தத் தூள் பக்கத்துக் கொடிக்கு ஆகும். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விரலை நீட்டியபடி அதை நோக்கி ஓடினாள்.